பூட்டி வைத்த பதினைந்து யூனிட்

1911-இலிருந்து 1916 வரை அமெரிக்காவில் டெட்ராய்ட் எலெக்ட்ரிக் கார் வாங்கப் போனவர்கள் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. காரோடு வரும் ஈய-அமில பேட்டரியே போதுமா, இல்லை, எடிசன் உருவாக்கிய நிக்கல்-இரும்பு பேட்டரி வேண்டுமா? எடிசன் பேட்டரி என்றால் கூடுதலாக 600 டாலர். அது எவ்வளவு பெரிய தொகை என்பதற்கு ஒரு கணக்கு: 1914-இல் ஃபோர்டின் மாடல் டி கார் ஒன்றையே அந்தப் பணத்துக்கு வாங்கிவிட்டு, மிச்சத்தையும் பையில் போட்டுக்கொள்ளலாம். (ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா, கணவர் செய்த காரை விட்டுவிட்டு டெட்ராய்ட் எலெக்ட்ரிக்கைத்தான் ஓட்டினார் என்பது தனிக்கதை. முன்னால் போய் நின்று கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் வேலை மின்சாரக் காரில் இல்லை.)

இந்த 600 டாலர் விவகாரத்தில் மர்மம் எதுவும் கிடையாது. பணம் கொடுத்தால் காருக்குள் வேறொரு உலோகம் வரும், கொடுக்காவிட்டால் வராது. கார் வியாபாரத்தில் ஆப்ஷன் என்ற சொல்லுக்கு வெகுகாலம் இதுதான் பொருள். நம்மூர் ஷோரூமில் "டாப் எண்டா, பேஸ் மாடலா?" என்று கேட்பார்கள் அல்லவா, அதுவும் இதே கதைதான். பேஸ் மாடலை வாங்கியவர் டேஷ்போர்டில் சில இடங்களில் வெறும் பிளாஸ்டிக் மூடியைப் பார்த்திருப்பார். டாப் எண்டில் ஸ்விட்ச் இருக்க வேண்டிய இடம் அது. பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் குத்தும். ஆனால் அந்த மூடியைப் பெயர்த்து எடுத்தால் பின்னால் ஒன்றும் இருக்காது. அந்த அளவுக்கு அது நேர்மையான மூடி.

மின்சாரக் கார் நூறு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது, மூடிக்குப் பின்னால் எல்லாமே இருந்தது.

*

2012 ஜூன் 22 அன்று கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் தொழிற்சாலையில் டெஸ்லா தன் மாடல் எஸ் செடான்களின் முதல் தொகுதியை வாடிக்கையாளர்களிடம் ஒப்படைத்தது. அந்த ஆண்டு இறுதிக்குள் மோட்டார் டிரெண்ட் பத்திரிகை அதை 2013-க்கான சிறந்த காராக அறிவித்துவிட்டது. பெட்ரோலும் டீசலும் இல்லாத ஒரு காருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் முறை.

முதல் காரின் ஆப்ஷன் பட்டியலை இன்று பார்த்தால் பழைய உலகமும் புதிய உலகமும் ஒரே தாளில் கலந்து கிடப்பது தெரியும். கண்ணாடிக் கூரை வேண்டுமா? தனிக்காசு. 21 அங்குலச் சக்கரம், காற்றடைத்த சஸ்பென்ஷன், நல்ல ஒலிபெருக்கிகள், எல்லாம் தனிக்காசு. எனக்கு அதில் மிகவும் பிடித்தது பின்பக்கம் பார்த்து உட்காரும் குழந்தை இருக்கைகள் இரண்டு. டிக்கி இருக்கும் இடத்தில், பின்கண்ணாடி வழியாக, துரத்தி வரும் கார்களைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே இரண்டு பிள்ளைகள் போகலாம். நாலரை விநாடிக்குள் மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும் கார் அது. அதில் ஏழு பேர். இப்படியொரு ஆப்ஷனை யோசித்தவருக்கு வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும்.

பெரிய தேர்வு பேட்டரியில்தான். 40, 60, 85 என்று மூன்று அளவுகள். இந்த எண்கள் கிலோவாட் மணிக் கணக்கு. நம் மின்கட்டண அட்டையில் இருக்கும் யூனிட்டும் அதேதான் என்பதால் நான் இனி யூனிட் என்றே எழுதுகிறேன். இரண்டு மாதத்துக்கு நமக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் பெரும்பங்கை ஒரே ராத்திரியில் குடித்துவிடும் பேட்டரி அந்த 85. காரின் தரை முழுக்கப் பரப்பிய தட்டையான பெட்டி, அதற்குள் விரல் அளவு செல்கள் ஏழாயிரத்துச் சொச்சம்.

பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. வழியில் வேகமாகச் சார்ஜ் ஏற்றும் சூப்பர்சார்ஜர் நிலையங்களைப் பயன்படுத்தும் உரிமை. 85 யூனிட் காரில் அது சேர்ந்தே வரும். 60 யூனிட் காருக்கு 2,000 டாலர் தர வேண்டும். ஆனால் அதற்கான கருவிகள் எல்லா 60 யூனிட் கார்களிலும் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தன. இதை நிறுவனம் ஒளிக்கவில்லை. என்றைக்காவது எல்லோரும் பணம் கட்டித் திறந்துகொள்வார்கள் என்று நம்பித்தான் அந்தச் செலவைச் செய்ததாக 2013-இல் வெளிப்படையாகவே சொன்னது.

அதே அறிவிப்பில்தான் 40 யூனிட் காரின் மரணச் செய்தியும் வந்தது. முன்பதிவு செய்தவர்களில் வெறும் 4 சதவீதம் பேர்தான் அதைக் கேட்டிருந்தார்கள். இத்தனை சிறிய எண்ணிக்கைக்குத் தனியாக ஒரு பேட்டரி செய்வது கட்டாது. ஆகவே அந்த 4 சதவீதத்தினருக்கும் 60 யூனிட் பேட்டரியே போட்டுக் கொடுக்கப்படும், ஆனால் மென்பொருள் 40-க்கு மேல் விடாது. பின்னால் பணம் கட்டினால் மீதியும் திறக்கும்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது தாராளம்தான். 40-க்குப் பணம் கட்டியவர்களுக்கு 60-இன் இழுவிசையும் வேகமும் கூடவே கிடைத்தன. யாரும் பெரிதாகக் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் கவனித்துப் பாருங்கள், ஒரு சின்ன விஷயம் இங்கே தலைகீழாகிவிட்டது. எடிசன் பேட்டரிக்கு 600 டாலர் தராதவர் வீட்டில் எடிசன் பேட்டரி இருக்காது. இங்கே 20 யூனிட் வீட்டு வாசலில் நிற்கிறது. அதன் எடையை வண்டி சுமக்கிறது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

*

இந்தத் தந்திரம் டெஸ்லா கண்டுபிடித்தது அல்ல. 1991-இல் இன்டெல் நிறுவனம் 486எஸ்எக்ஸ் என்ற கணினிச் சில்லை மலிவு விலையில் விற்றது. விலை உயர்ந்த 486டிஎக்ஸில் இருந்த கணிதப் பகுதி இதில் வேலை செய்யாது. தொடக்கத்தில் வந்த பல எஸ்எக்ஸ் சில்லுகளில் அந்தப் பகுதி இருந்தது, முடக்கப்பட்டிருந்தது. பின்னர் வேண்டுமென்று கேட்டவர்களுக்கு 487 என்று ஒரு துணைச் சில்லு விற்றார்கள். துணையாவது ஒன்றாவது. அது ஒரு முழு 486டிஎக்ஸ். அதைச் செருகினால் பழைய சில்லைத் தூங்க வைத்துவிட்டு எல்லா வேலையையும் தானே செய்யும்.

இன்னும் பின்னால் போகலாம். 1849-இல் பிரான்ஸின் பொறியாளர் ஜூல் துப்புய் ரயில் கட்டணங்களைப் பற்றி எழுதினார். அன்றைய மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் சிலவற்றில் கூரையே கிடையாது. உட்காரப் பலகை. மழை வந்தால் நனைய வேண்டியதுதான். கூரை போடச் சில ஆயிரம் ஃபிராங்க் ஆகுமே என்று கஞ்சத்தனம் செய்தார்களா? இல்லை என்கிறார் துப்புய். இரண்டாம் வகுப்புக்குக் காசு தரக்கூடியவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது, அவ்வளவுதான். ஏழையை அடிப்பது நோக்கமல்ல, பணக்காரனைப் பயமுறுத்துவதே நோக்கம். அடி விழுவதென்னவோ ஏழைக்கு.

துப்புய் சொன்ன பெட்டியில் கூரை இல்லை. டெஸ்லாவின் 40-இல் கூரை இருந்தது, மடக்கி வைத்திருந்தார்கள். எது மேல் என்று என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை.

*

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே கம்பெனி அதே காலத்தில் எடிசன் காலத்து அர்த்தத்திலும் ஆப்ஷன் விற்றது.

2014 அக்டோபரில் பி85டி வந்தது. முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார். திரையில் இரண்டு தேர்வுகள்: ஸ்போர்ட், இன்சேன். இரண்டாவதற்குப் பைத்தியம் என்று பொருள். 3.2 விநாடியில் 96 கிலோமீட்டர் வேகம். அதை முதன்முறை அனுபவிக்கும் பாட்டிகளும் மாமனார்களும் அலறுகிற வீடியோக்கள் இணையமெங்கும் ஓடின. அடுத்த ஆண்டு ஜூலையில் லூடிக்ரஸ் என்று ஒரு ஆப்ஷன், விலை 10,000 டாலர், நேரம் 2.8 விநாடி. பெயர் 1987-இல் வந்த ஸ்பேஸ்பால்ஸ் என்ற கேலிப்படத்திலிருந்து எடுத்தது.

0.4 விநாடிக்குப் பத்தாயிரம் டாலரா என்று சிரிக்கலாம். ஆனால் அந்த 0.4-க்குப் பின்னால் இருக்கும் வேலை அழகானது. பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்சாரத்துக்கு நடுவே ஒரு ஃபியூஸ் இருக்கிறது. வீட்டு ஃபியூஸ் போலத்தான், அளவுக்கு மீறினால் உருகி அறுந்துவிடும். ஆனால் உருகும் உலோகத்துக்குத் துல்லியம் கிடையாது. எந்த ஆம்பியரில் சரியாக அறும் என்று சொல்ல முடியாததால், பாதுகாப்புக்காக எல்லையை வெகுவாகக் கீழே வைத்தாக வேண்டும். டெஸ்லா பொறியாளர்கள் தனக்கென்று ஒரு குட்டி லித்தியம் பேட்டரியும் மின்னணு மூளையும் கொண்ட ஃபியூஸைச் செய்தார்கள். மில்லி விநாடி அளவில் மின்னோட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும், எல்லை மீறினால் சின்ன வெடிமருந்தால் தொடர்பை அறுத்துவிடும். கூடவே முக்கியத் தொடுபுள்ளிகளை எஃகிலிருந்து இன்கோனெல் என்ற கலப்பு உலோகத்துக்கு மாற்றினார்கள். ராக்கெட் எஞ்சின்களில் பயன்படுவது அது, கடும் சூட்டிலும் துள்ளும் தன்மை குறையாது. இரண்டும் சேர்ந்து 1,300 ஆம்பியர் எல்லையை 1,500-க்கு உயர்த்தின. இது எடிசன் பேட்டரியின் நேரடி வாரிசு. காசு கொடுத்தால் காருக்குள் வேறு உலோகம் வரும்.

அந்த எல்லையில்தான் ஒரு வம்பும் இருந்தது. பி85டியின் முன் மோட்டார் 221 குதிரைத்திறன், பின் மோட்டார் 470. கூட்டினால் 691. விளம்பரத்தில் வந்ததும் அந்த எண்தான். கூட்டல் கணக்கில் தப்பில்லை. ஆனால் இரண்டு மோட்டார்களும் ஒரே நேரத்தில் முழுப்பசியோடு கேட்டால் கொடுக்கும் சக்தி அந்தப் பேட்டரிக்கு இல்லை. பெரிய குழாய் இரண்டு வைத்துவிட்டு மாடித் தொட்டி சின்னதாக இருந்தால் என்ன ஆகும்? கம்பெனியே பின்னால் வெளியிட்ட எண், பேட்டரி தரக்கூடிய அளவை வைத்துக் கணக்கிட்டால், 463. நார்வேயில் நூற்றுக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள், 2016 முடிவில் சமரசம் ஆனது.

*

இப்போது அந்தப் பதினைந்து யூனிட்டுக்கு வரலாம்.

2016 ஜூனில் டெஸ்லா மறுபடியும் ஒரு மாடல் எஸ் 60-ஐ அறிமுகப்படுத்தியது. விலை 66,000 டாலர். இந்த முறை தரைக்குள் இருந்தது 75 யூனிட் பேட்டரி. வாங்கும்போதே 8,500 டாலர் சேர்த்துக் கட்டினால் முழுசும் உங்களுக்கு. வாங்கிய பிறகு மனம் மாறினால் 9,000. மெக்கானிக் வர வேண்டாம், ஸ்பேனர் எடுக்க வேண்டாம். காற்று வழியாக ஒரு கட்டளை வரும், பூட்டு திறக்கும்.

அந்தப் பூட்டிய செல்களின் எடையைத் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். அந்தக் காலத்துச் செல் ஒன்றின் கனத்தை வைத்துப் பார்த்தால் 15 யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 60 கிலோ வருகிறது. ஒரு ஆள் எடை. டிக்கெட் வாங்காத பயணி ஒருவரை எழுப்பாமல், இறக்காமல், வண்டி போகிற இடமெல்லாம் சுமந்துகொண்டு போவது போல.

இதிலும் வாங்கியவருக்கு ஒரு லாபம் இருந்தது, சும்மா சொல்லக் கூடாது. லித்தியம் பேட்டரியைத் தினமும் 100 சதவீதம் ஏற்றினால் ஆயுள் குறையும், 80-இல் நிறுத்தச் சொல்வார்கள். 75-இல் 60 என்பது சரியாக 80 சதவீதம். ஆக இந்தக் காரை தினமும் "ஃபுல்" ஏற்றினாலும் பேட்டரிக்கு நோகாது. விவரம் தெரிந்த சிலர் இதற்காகவே 60-ஐ வாங்கினார்கள். ஆனால் பெரும்பாலோர் கொஞ்ச நாளில் 75-க்கு மாறிவிட்டதால் 2017 ஏப்ரலில் 60-ஐ விற்பதையே நிறுத்திவிட்டார்கள்.

அந்த ஆண்டு செப்டம்பரில் இர்மா புயல் ஃப்ளோரிடாவை நோக்கி வந்தது. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். ஃப்ளோரிடாவின் வரைபடத்தைப் பாருங்கள், கடலுக்குள் நீட்டிய விரல் மாதிரி இருக்கும். தப்பிப்பது என்றால் வடக்கே மட்டும்தான். எல்லோரும் ஒரே திசையில், ஒரே சில நெடுஞ்சாலைகளில்.

வெளியேற்ற எல்லைக்குள் இருந்த டெஸ்லா உரிமையாளர் ஒருவர் கம்பெனியைத் தொடர்புகொண்டார். பாதுகாப்பான இடத்துக்குப் போக இன்னும் சுமார் 30 மைல் தேவைப்படுகிறது என்றார். அவருடைய காரில் அந்த 30 மைல் இருந்தது. அவர் காலுக்கடியில்தான் இருந்தது.

கம்பெனி அதைத் திறந்துவிட்டது. அவருக்கு மட்டுமல்ல, புயல் பாதையில் இருந்த, இப்படிப் பூட்டப்பட்ட மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்கள் எல்லாவற்றுக்கும். யாரும் எங்கும் போக வேண்டியதில்லை. கார் நின்ற இடத்திலேயே, திரையில் இருந்த எண் கூடியது. செப்டம்பர் 16 வரை செல்லும் என்றார்கள். அதன் பிறகு பழையபடி.

செய்தி வந்த அன்று பாராட்டியவர்களும் இருந்தார்கள், திட்டியவர்களும் இருந்தார்கள். நான் இரு பக்கமும் கொஞ்சம் நின்று பார்த்தேன். செய்தது நல்ல காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வேறெந்த கார் கம்பெனியாலும் அன்று ஓடிக்கொண்டிருந்த காரின் டாங்கியில் பெட்ரோலை ஊற்றியிருக்க முடியாது. ஆனாலும் என்னை உறுத்துவது அந்தத் தேதிதான். திறக்கும் தேதியல்ல, மூடும் தேதி. எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் நாட்காட்டியைப் பார்த்து, புயல் இத்தனாம் தேதி கரை கடக்கும், இத்தனை நாளில் ஊர் திரும்பிவிடுவார்கள், அப்போது மூடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். புயலில் சிக்கிய ஒருவரின் தேவைக்கு வேறொருவர் காலாவதித் தேதி எழுதுகிறார். 1911-இல் எடிசன் பேட்டரி வாங்கியவருக்கு யாரும் இப்படி எழுதியிருக்க முடியாது. வாங்காதவருக்கு யாரும் இப்படி உதவியிருக்கவும் முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

*

முதல் உரிமையாளரின் கை விட்டுக் கார் போகும்போது இந்தச் சிக்கல் இன்னும் இறுகுகிறது. 2019 கடைசியில் ஒரு டீலர் டெஸ்லாவின் ஏலத்தில் 2017 மாடல் எஸ் ஒன்றை எடுத்தார். தானோட்டி வசதிகள் அதில் இருந்தன, அவற்றின் பெறுமதி 8,000 டாலர். அவரிடமிருந்து வாங்கியவர் வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்த பிறகு பார்த்தால், வசதிகள் மறைந்துவிட்டன. நீங்கள் அதற்குப் பணம் கட்டவில்லையே என்றது கம்பெனி. செய்தி 2020 பிப்ரவரியில் பரவிய பிறகு திருப்பித் தந்தார்கள்.

2022-இல் வந்த கதை இதைவிட விசேஷம். 2013-இல் மாடல் எஸ் 60 ஆகப் பிறந்த ஒரு கார். உத்தரவாதக் காலத்தில் பேட்டரி பழுதாகி, மாற்றும்போது 90 யூனிட் பேட்டரி போட்டுக் கொடுத்தார்கள். அதைப் பூட்டவில்லை. கார் கைமாறியது, மறுபடியும் கைமாறியது. மூன்றாவது உரிமையாளர் அதை 90 என்றே வாங்கி, 90 என்றே ஓட்டினார். ஒரு நாள் வேறு ஏதோ வேலைக்காகச் சர்வீஸுக்கு விட்டு எடுத்தார். அதற்குப் பிறகு கம்பெனி தன் ஆவணங்களைச் சரிபார்த்து, இது 60 அல்லவா என்று கண்டுபிடித்து, தொலைவிலிருந்தபடியே 60 ஆக்கியது. ஏறக்குறைய 80 மைல் போய்விட்டது. திரும்ப வேண்டுமா? 4,500 டாலர். இதுவும் இணையத்தில் பெரிதாக வெடித்த பிறகுதான் இறங்கி வந்தார்கள்.

பழைய கார் வாங்கும்போது நம்மூரில் டயரைத் தட்டிப் பார்ப்பார்கள், பானெட்டைத் திறந்து பார்ப்பார்கள், தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போவார்கள். இந்தக் காரில் எந்த மெக்கானிக்கும் எதைத் திறந்து பார்த்தும் அந்த 90-இல் எத்தனை உங்களுக்கு என்று சொல்ல முடியாது. அது காரில் எழுதப்பட்டிருக்கவில்லை.

டெஸ்லாவை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவதும் நியாயமில்லை. மெர்சிடஸின் ஈக்யூஎஸ் மின்சார செடானில் பின்சக்கரங்களும் திரும்பும், 10 டிகிரி வரை. குறுகலான இடத்தில் ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள வண்டியைத் திருப்ப அது பெரிய உபகாரம். 2021-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தபோது, சாதாரணமாக அவை 4.5 டிகிரிதான் திரும்பின. மீதி ஐந்தரை டிகிரிக்கு ஆண்டுச் சந்தா 489 யூரோ. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஈக்யூஇ, ஈக்யூஎஸ் கார்களுக்கு முடுக்கத்தைக் கூட்டும் சந்தா என்று அறிவித்தார்கள். ஈக்யூஇ 350-இல் 6 விநாடி 5.1 ஆகும். வருடத்துக்கு 1,200 டாலர். லூடிக்ரஸ் ஃபியூஸ் போல இதில் இன்கோனெல் எதுவும் கிடையாது. அதே மோட்டார், அதே கம்பி.

டெஸ்லா தன் பங்குக்கு 2021-இல் ப்ளெய்ட் என்ற மாடல் எஸ்-ஐ இறக்கியது. மூன்று மோட்டார், 1,020 குதிரைத்திறன், 1.99 விநாடி. அந்த 1.99-இல் முதல் ஓர் அடி உருள ஆகும் நேரம் சேர்த்தி இல்லை, அமெரிக்கப் பந்தயத் திடல்களின் வழக்கம் அது. ஸ்டீயரிங் வட்டமாக இல்லாமல் விமானத்தில் இருப்பது போல மேற்பாதி வெட்டப்பட்டிருந்தது. விருப்பமெல்லாம் கிடையாது, அதைத்தான் பிடித்து ஓட்ட வேண்டும். ஆட்கள் இரண்டு வருடம் புலம்பிய பிறகு, 2023-இல் பழைய மாதிரி வட்டமான ஸ்டீயரிங் கிடைக்கும் என்றார்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் மாற்றிக்கொள்ள 700 டாலர்.

அதையாவது கழற்றி, உண்மையாகவே வேறொரு ஸ்டீயரிங்கை மாட்டிக் கொடுத்தார்கள்.